ஒண்ணா, ரெண்டா

…இந்த லென்ஸை மாற்றிப் போட்டதும் சொல்லிவிட வேண்டும், இல்லை, இடது கண் முடியட்டும், இடது முடிந்தால் வலது இருக்கிறதே, இரண்டும் முடிந்தால் விளக்கைப் போட வேண்டியிருக்கும், வெளிச்சத்தில் என்னால் சத்தியமாக முடியாது, சொல்வதென்றால் இந்த இருட்டிலேயே சொல்லிவிட வேண்டும், "ஒண்ணுல நல்லாத் தெரியுதா, ரெண்டுலயா?" என்று கேட்கிறேன், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்கிறாள் தங்கை, மூக்கின் மேல் கனத்த சோதனை பிரேம், கால் மேல் கால், சின்ன வயதிலிருந்தே நாற்காலி கிடைத்தால் ராணி மாதிரிதான் உட்காருவாள். மூன்று மாதத்தில் இது மூன்றாவது தடவை, மங்கலாகத் தெரிகிறதாம், தலை வலிக்கிறதாம், பிசியோதெரபி கிளினிக்கில் நாளெல்லாம் அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டுகிறவளுக்குக் கண் எதற்கு இப்படிக் கெட வேண்டும்… என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி, கண்ணாடிக்கடை வேலையில் இதுதான் கஷ்டம், யாராயிருந்தாலும் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்று கண்ணுக்குள் பார்த்தாக வேண்டும்.

நாளைக்குள் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டார் அவர். கோபமாக இல்லை, கோபமே வராத ஆள், லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவருக்கு அவ்வளவு பொறுமை வேண்டும்போல, உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று நிதானமாகப் பேசிப் பழகியவர். "ரெண்டு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்துக்க நாம என்ன காலேஜ் பசங்களா? எனக்கு நாப்பத்தி மூணு ஆச்சு. நீ சொல்லலைன்னா நானே வீட்டுக்கு வந்து, உக்காந்து, சொல்றேன்." இவர் வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்தவர், தேதி வரைக்கும் பேசியாகிவிட்டது, எட்டு மாதம் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு திரிந்தார்கள், அப்புறம் என்னவோ சின்னச் சண்டை, அவள் அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தாள், நான்தான் சொன்னேன், அவன் உனக்குச் சரிப்பட்டு வரமாட்டான் குட்டி, விட்டுத்தள்ளு. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுத்தள்ளினாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரையும் பிடிக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து இந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுபோய், கையெல்லாம் கிரீஸோடு ஒருத்தர் கடைக்குள் வந்து துடைக்கத் துணி கேட்க, நிமிர்ந்தால் இவர், நான் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினேன், யாராவது அதைக் கொடுப்பார்களா, வெள்ளை வெளேரென்ற துணி… அப்போதுதான் ஆரம்பம். அப்போதுதான். வேறு எப்போது?

"அக்கா, தூங்கிட்டியா?" "ஆடாம உக்காருடி." எட்டு வயதிலும் இப்படித்தான், ஒரு இடத்தில் இருக்கமாட்டாள், பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை என்றதும் ஒரே அழுகை, கண்ணாடி போட்டால் அசிங்கமாகிவிடுவாளாம், எனக்குப் பன்னிரண்டு, எங்கள் வகுப்புக்கு முதல் நாளே முடிந்திருந்தது, அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிவந்து சாயங்காலம் முழுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், மகராசி, அந்த நர்ஸ் அம்மா உச்சியில் பூசணிக்காய் மாதிரி இருந்த ஒற்றை எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்குக் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அக்கா சொல்லிக்கொடுத்தாளா என்று அம்மா எத்தனை தடவை கேட்டும் வாயே திறக்கவில்லை, அம்மாவுக்கா தெரியாது, இரண்டு பேர் முதுகிலும் பாரபட்சமில்லாமல் வைத்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காதவள். அவளிடம்தான் விட்டுத்தள்ளு என்று சொன்னேன், அவளுக்காகத்தான் சொன்னேனா? அந்தச் சண்டைக்கு முந்தின வாரம் மாடிப்படியில் அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்… சீ, கனமாக இருந்தது, வாங்கிக்கொண்டார், யாராயிருந்தாலும் வாங்குவார்கள். அப்படியென்றால் அந்தப் பை பச்சை நிறம் என்று எனக்கு எதற்கு இன்னும் ஞாபகம் இருக்க வேண்டும்?

வலது கண்ணும் முடிந்துவிட்டது. போன தடவை இருந்த அதே பவர். அதற்கு முந்தின தடவையும் இதேதான், கொஞ்சம்கூட மாறவில்லை, மங்கலும் இல்லை, தலைவலியும் இல்லை, பின்னே எதற்கு இவள் மூன்று தடவை… "கடைசி வரி படி" என்றேன். படித்தாள். மூச்சுவிடாமல், கடகடவென்று. திரையில் இருந்த எழுத்துகள் இல்லை அவை, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின அந்த அட்டை, ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அவளும் சிரித்தாள், பிறகு பிரேமைக் கழற்றாமல் அந்தக் கனத்த வட்டங்களுக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். "மூணு தடவை வந்துட்டேன்க்கா. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." அவர் சொன்னாரா என்று கேட்டேன், அவர் என்று சொன்ன பிறகு மறைக்க என்ன இருக்கிறது. "யாரும் சொல்லல. லென்ஸ் துடைக்கிற துணியெல்லாம் கிரீஸ் கறை. எனக்குக் கண்ணு அவ்வளவு மோசமில்லக்கா." கோபமா, அழப்போகிறாளா, நாளெல்லாம் கண்ணுக்குள் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன், இவள் கண்ணில் மட்டும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு" என்றாள், "எப்ப இருந்து?" இரண்டு வருஷமாக, லிஃப்ட் நின்றுபோன அன்றையிலிருந்து, எத்தனை நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருக்கிற பதில், அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்தப் பச்சைப் பை வந்து நின்றது.