அவர் சொல்லி அனுப்பிய பதினோரு வீடுகள்

டிரைவர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதில்தான் சிஸ்டருக்கும் அவள் கொழுந்தனுக்கும் அன்று காலை வாக்குவாதம்.

சிஸ்டர் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்தாள். சாமான்களை வேனில் ஏற்றி இறக்குவது கொழுந்தன் வேலை. முதல் வருடம் ஈ ஓட்டினார்கள். அப்புறம் டிரைவர் அண்ணன் வந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போன மாமியாருக்காக மெஷின் எடுத்தவர், பிறகு ஊருக்கே விளம்பரமாகிவிட்டார். எக்ஸ்ரே எடுக்கும் இடத்து வரிசையில் யாராவது இருமினால் போதும். "வேற எங்கயும் அலையாதீங்க, நம்ம சிஸ்டர் இருக்காங்க. என் பேரைச் சொல்லுங்க, மெஷின் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும்" என்பார். இதுவரை பதினோரு வீடுகள் அவர் சொல்லி வந்தவை. அவற்றில் ஒன்று அவருடைய சொந்தத் தங்கை வீடு; மெஷின் அவள் புருஷனுக்கு.

"வாடகையில ஏதாவது தள்ளுபடி பண்ணுங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

"சொல்லிப் பார்த்தாச்சு. காசு வாங்கிட்டா நான் சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதைன்னு கோவிச்சுக்கிட்டார்."

கடைசியில் அவளே முடிவு செய்தாள். முப்பது வருடம் பிரேக் மிதித்த கால், குதிகால் வலி என்று அடிக்கடி சொல்வார். மெத்தென்ற அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். கூடவே தன் கையால் ஒரு கடிதம் எழுதினாள். அதை மடித்து உறையில் போடும்போதுதான் போன் வந்தது.

"சிஸ்டர், மச்சான் போயிட்டார்." டிரைவர் அண்ணன்தான் பேசினார். "விடியறப்போ எழுப்பினா அசைவில்லை. தூக்கத்துலயே இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க வந்து மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க. தங்கச்சி அதைப் பார்த்துப் பார்த்து அழுவுது."

அவள் போனபோது உடலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். படுக்கையறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூக்கில் மாட்டும் குழாய் காலித் தலையணையில் கிடந்து சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் பிளக்கைப் பிடுங்கினாள்.

மெஷின் நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி சொருகிப் பிடுங்கிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. ஓடும் மெஷினுக்குக் கரண்ட் போனால், செத்தவரையும் எழுப்புகிற மாதிரி அது கத்த வேண்டும். கத்துவதற்கென்றே உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு. மூன்று வாரம் முன்பு இங்கே வந்து அவளே சோதித்தாள். சத்தம் ஈனசுரத்தில் வந்தது. பையில் மாற்று பேட்டரி இல்லை. அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். அன்றைக்கு இன்னும் இரண்டு புது வீடுகள் காத்திருந்தன. இரண்டுமே டிரைவர் அண்ணன் அனுப்பியவை.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டாள். "ராத்திரி கரண்ட் போச்சாம்மா?"

"மூணு மணிக்குப் போயி நாலு மணிக்குத்தான் வந்துச்சு. புழுக்கத்துல நான் முழிச்சிட்டேன்."

கட்டிலை ஒட்டி, கரண்ட் போனால் மாட்டிக்கொள்ள என்று அவள் வைத்துவிட்டுப் போன ஆக்சிஜன் சிலிண்டர் சீல் உடையாமல் நின்றது. தங்கை படுத்த பாய் அதிலிருந்து கை எட்டும் தூரம்.

ஒயரைச் சுற்றி, மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அதை நினைத்தபடிதான் வாசலுக்கு வந்தாள். அங்கே டிரைவர் அண்ணன், அழுது வீங்கிய முகத்தோடு, துக்கத்துக்கு வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க அப்பாவுக்கும் இவங்ககிட்டயே எடுத்துக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

சிஸ்டர் அவரை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் டயரைப் பார்த்தபடி கேட்டார். "மாத்தியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியாதுண்ணே. ஆனா உங்க தங்கச்சி எழுந்திருப்பாங்க. சிலிண்டர் பக்கத்துலயே இருந்துச்சு."

"இன்னிக்கு வேணாம்" என்றார். "நாலு நாள் போகட்டும். நீங்களே வந்து தங்கச்சிகிட்ட சொல்லணும். நான் கூட நிக்கிறேன்."

சீட்டில் கிடந்த செருப்புப் பெட்டியை அவள் அவருக்குத் தெரியாமல் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

ஐந்தாம் நாள் போனார்கள். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் கேட்டாள். சிஸ்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த கடையிலயே எடுத்துக்கறேன்னு நான் சொன்னேனா இல்லையா? நீதானே விடலை. நான் சொல்றேன், நான் சொல்றேன்னு குதிச்ச. அப்போ மூணு மணிக்கு நான் செத்த பொணம் மாதிரி தூங்கிட்டிருந்திருக்கேன், அவரு மூச்சுக்குத் தவிச்சிட்டு இருந்திருக்காரு."

"தப்பு என்னோடதும்மா. அவருக்கு எதுவும் தெரியாது" என்றாள் சிஸ்டர்.

"உங்களை எனக்கு யாருன்னே தெரியாது. அண்ணன் சொன்னான்னுதான் உள்ள விட்டேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "இனிமே நீ இந்த வீட்டுக்கு வராதண்ணே."

அவர் எழுந்தார். படியிறங்கும்போது தடுமாறியவரைப் பிடிக்க சிஸ்டர் கை நீட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் முதல், அவர் சொல்லி வந்த மற்ற பத்து வீடுகளுக்கும் சிஸ்டர் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததைச் சொல்லி, அவர்கள் கண் முன்னால் பேட்டரியை மாற்றி, பிளக்கைப் பிடுங்கிக் கத்தவிட்டுக் காட்டினாள். இரண்டு வீடுகளில் பழைய பேட்டரி அடியோடு செத்திருந்தது. ஒரு வீட்டு மகன் கொழுந்தன் காலரைப் பிடித்துவிட்டான். நான்கு வீடுகள் அன்றே மெஷினைத் திருப்பிக் கொடுத்தன.

"நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா அண்ணி?" என்று வேனில் கொழுந்தன் பொருமினான்.

"அவர் பேரைச் சொல்லித்தானேடா இந்த வீடுங்களுக்குள்ள நுழைஞ்சோம். நாளைக்கு அரைகுறையாக் கேள்விப்பட்டா, இவங்க அவரைத்தான் திட்டுவாங்க. யார் தப்புன்னு என் வாயால தெரியட்டும். அவருக்கு நான் செய்யறதுக்கு இப்ப வேற என்ன இருக்கு?"

பத்தும் முடிந்து கடைசியாக அவருடைய வீட்டுக்குப் போனாள். அவர் மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாமியாருக்கு அது இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. வேறு கடைக்குப் போக அவருக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை. சிஸ்டர் இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகிறாள். அவர் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் கத்துவதைக் கேட்டுவிட்டு, மறுபடி சொருகிவிட்டு வருவாள்.

போன வாரம் அவர் மனைவி வாசல் வரை வந்தாள்.

"தங்கச்சி இன்னும் பேசலை. அது போகட்டும். நேத்து எதிர் வீட்டுல, நல்ல பல் டாக்டர் யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. எனக்கு யாரையும் தெரியாதுன்னுட்டு உள்ள வந்துட்டார், சிஸ்டர். அவர் பல்லு கட்டினதே அந்தத் தெருமுனை டாக்டர்கிட்டதான்."