மணமாகாதோர் வண்டி

ராணுவ முகாமில் கல்யாணம் ஆகாதவர்களுக்கென்று ஒரு நலத்திட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாகக் கிடந்தால் பையன்களுக்கு மனசு கெட்டுப்போகும் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் ஞாயிறுதோறும் உல்லாசப் பயணம். வராதவன் ஏன் வரவில்லை என்று திங்கட்கிழமை மேஜர் முன்னால் நின்று விளக்க வேண்டும். சந்தோஷமாக இருப்பது கட்டாயம்.

ஸ்டியரிங் என்று முகாமே பட்டப்பெயர் வைத்திருந்த பையன் அதில் இரண்டு வகையில் மாட்டியிருந்தான். ஒன்று, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு, லாரி ஓட்டுகிறவன் அவன்தான். ராணுவ வண்டியை விட்டு டிரைவர் இறங்கிப் போகக் கூடாது. மற்றவர்கள் ஏரியில் குளித்தாலும் பந்து உதைத்தாலும் அவன் கேபினிலேயே உட்கார்ந்திருப்பான். கண்ணாடி வழியாக நிறைய உல்லாசம் பார்த்திருக்கிறான்.

இந்த லட்சணத்தில்தான் அக்கா போன் பண்ணினாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். போட்டோவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லையாம், நேரில் பேசிப் பார்க்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு. ஏற்கெனவே இரண்டு இடம் இவன் போய் நிற்காததாலேயே தட்டிப்போயிருந்தது.

"இதையும் கோட்டை விட்டே, இனிமே உனக்குப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லடா" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

திட்டத்துக்குப் பொறுப்பு ஒரு சார்ஜென்ட். நாற்பதைத் தாண்டியும் ஒண்டிக்கட்டை. முகாமே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது, முதுகுக்குப் பின்னால். அவரிடம் போய் ஸ்டியரிங் ஒரு நாள் லீவு கேட்டான்.

"எதுக்கு?"

"பொண்ணு பார்க்க, சார்."

"அது குடும்ப நலப் பிரிவுடா. நம்மகிட்ட வராது."

குடும்ப நலப் பிரிவுக்குப் போனான். குடும்பம் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பிரிவு என்று அங்கே இருந்தவர் சொன்னார். நாற்காலி போட்டு, உட்காரவைத்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

தொங்கிய முகத்தோடு அவன் திரும்பி வந்ததைப் பார்த்துச் சார்ஜென்ட் யோசித்தார். லீவு கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் உல்லாசம் எந்த ஊரில் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பூங்கா என்று அறிவித்தார். இரண்டு பெஞ்சும் ஓடாத ஒரு நீரூற்றும் தவிர அங்கே எதுவும் இல்லை. காரணம் தெரிந்ததும் பையன்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. பனியனை இஸ்திரி போட்டுக்கொண்டார்கள்.

திட்டத்தில் கொடுத்த பச்சைப் பனியன் அது. முதுகில் 'மணமாகாதோர் நலத்திட்டம்' என்று அச்சடித்திருக்கும்.

அக்கா சொல்லியனுப்பியபடி நர்ஸ் குடையோடு பூங்காவுக்குள் வந்தபோது, மரியாதைக்காகச் சார்ஜென்ட் முப்பது பேரையும் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். அவள் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் நேர் எதிரே வானத்தைப் பார்த்தார்கள்.

"இதுல யாருங்க?" என்று கேட்டாள்.

"இதுல இல்லம்மா. வண்டில இருக்கான். இறங்கக் கூடாது."

அவள் குடையை மடக்கிக்கொண்டு, தானே கதவைத் திறந்து கேபினில் ஏறினாள்.

முதுகைக் காட்டி உட்காருங்கடா என்று சார்ஜென்ட் பையன்களுக்குச் சொன்னார். அவர்களும் புல்லில் அப்படியே உட்கார்ந்தார்கள். அதனால் கேபினிலிருந்து பார்த்தால் மணமாகாதோர் என்று முப்பது தடவை தெரிந்தது.

ஸ்டியரிங் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.  ஆனால் மூன்றாவது கியர் சரியாக விழாததைப் பற்றித்தான் சொன்னான். அவள் முழுசாகக் கேட்டாள். வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு நோயாளிகள் போடும் சண்டையைப் பற்றி அவள் சொன்னாள். அவன் சிரித்தபோது கை பட்டு ஹாரன் அடித்துவிட்டது. முப்பது முதுகும் ஒருமுறை நிமிர்ந்தன. யாரும் திரும்பவில்லை.

"நீங்க எங்க போனாலும் இவங்க வருவாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லிவிட்டால் இந்த இடம் நிலைக்கலாம். ஆனால் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்யாணம் ஆகற வரைக்கும் வருவாங்க."

"அதுக்கப்புறம்?"

"நான் மட்டும்தான்."

 அவள் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்தாள்.

"அடுத்த வாரம் எனக்கு டியூட்டி. அதுக்கு அடுத்த ஞாயிறு வாங்க. அவங்கள மட்டும் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க. இத்தனை பேருக்கு டீ வாங்கிக் கொடுக்க எனக்குக் கட்டுப்படியாகாது."

திரும்பும்போது சார்ஜென்ட் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் விஷயத்தைச் சொன்னான்.  ஊர் எல்லை தாண்டும்வரை அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஆஸ்பத்திரில வேற நர்ஸுங்க இருக்காங்களான்னு கேட்டு வை" என்றார்.

"யாருக்கு சார்?"

"பொதுவா கேளு."