மேகத்துக்குள் ஒரு சிவப்புச் சட்டை

"இடது கால்! இடது காலைத் தூக்குடா!"

வெங்கடகிருஷ்ணன் கட்டிலில் படுத்தபடியே, இருந்த கொஞ்சக் குரலிலும் அதட்டினார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து ஸ்ரீவராகத்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட மனுஷன். மகள் பத்மப்ரியா செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். ஆல்ப்ஸில் ஒரு சுண்ணாம்புப் பாறைச் சிகரம். அடிவாரத்து ஹோட்டல்காரன் அதன் எதிரே காமிரா வைத்து நாள் முழுக்க நேரலை காட்டுகிறான். செங்குத்துப் பாறையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் கயிறும் தானுமாகத் தொற்றிக்கொண்டிருந்தான். நேற்று இதே இடத்தில் கால் வழுக்கித் திரும்பிப் போனவன்.

"யாரோ ஒரு வெள்ளைக்கார சாயிப்பு. அவன் ஏறினா என்ன, ஏறாட்டா என்ன? கஞ்சி ஆறறது," என்றாள் அம்மா விஜயம்.

"சும்மா இருடி. இன்னும் ரெண்டு பிடி, உச்சிதான்!"

பத்மப்ரியாவுக்கே உள்ளங்கை வேர்த்தது. அவன் கை மேலே போனது, துழாவியது, பற்றியது. அந்த நேரம் பார்த்து மேகம் வந்து மொத்தத்தையும் மூடிவிட்டது. படுபாவி மேகம்!

"ஏறிட்டானா?"

"இப்ப வெலகிடும்ப்பா."

விலகவில்லை. அவர் கண் திரையிலேயே நிலைத்துவிட்டது. மூச்சு நின்றதை முதலில் கண்டுகொண்டவள் விஜயம்தான். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கழக்கூட்டத்து ஆபீசிலிருந்து அண்ணன் சுமந்த் ஓடி வந்தான். தெருவே கூடியது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று சாஸ்திரிகள் விரட்டினார். அழுகைக்கு நடுவே பத்மப்ரியா துப்பட்டாவுக்குள் போனைப் பார்த்தாள். வெள்ளை. மறுபடி பார்த்தாள். அதே வெள்ளை.

"அப்பாவைக் கிடத்தி வெச்சிருக்கு, நோக்கு இப்ப போனா?" சுமந்த் பல்லைக் கடித்தான்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே போகிறாரே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நாலு பேர் பாடையைத் தூக்கக் குனிந்தபோது திரையில் மேகம் கிழிந்தது. உச்சியில் சிவப்பு! இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தான். பத்மப்ரியாவுக்கு உடம்பெல்லாம் துள்ளியது. கத்திவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதை விஜயம் பார்த்துவிட்டாள்.

"ஏறிட்டானாடீ?"

மகள் தலையாட்டினாள்.

"நில்லுங்கோ!" விஜயம் போட்ட சத்தத்தில் நாலு பேரும் நின்றார்கள். அவள் குனிந்து கணவர் காதோடு என்னவோ சொன்னாள். மந்திரம் என்று நினைத்து சாஸ்திரிகள் கைகூப்பினார்.

பாடை தெருமுனை திரும்பியதும் மற்றப் பெண்கள் குளிக்கப் போனார்கள். விஜயம் மட்டும் மகள் பக்கத்தில் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

"இனி அவன் எப்படிடீ எறங்குவான்?"