பதினேழாம் நம்பர் கதவு

பொம்மனஹள்ளியில் சின்னத்தாயி குடியிருக்கும் சந்தில் இருபத்திரண்டு வீடுகள். அத்தனை கதவிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் போட்டது அவள் கைதான். சந்துக்குப் பின்னால் மதில் எழுப்பி நிற்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் அவள் வகுப்பறை பெருக்குகிறாள். அங்கே படிக்க இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பெருக்க வருகிறேன் என்றால் கேட் உடனே திறக்கும்.

"மக்களுக்காக ஒரு ஆராய்ச்சி பண்றோம் அக்கா. நீங்க கூட வந்தா எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்க" என்று பேராசிரியை பார்கவி கையைப் பிடித்துக் கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை படித்த அம்மா தன்னிடம் வந்து கேட்கிறாரே!

அவர்கள் கொடுத்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே மாணவிகளோடு வீடு வீடாகப் போனாள். பதினேழாம் நம்பர் கோவிந்தப்பா மட்டும் கதவைத் திறக்கவில்லை.

"காயிதம் எதையும் காட்டமாட்டேன். போம்மா."

"இன்னாண்ணா, பெரிய படிப்பு படிக்கிற புள்ளைங்க. ஏமாத்துவாங்களா?"

மூன்று நாள் நச்சரித்தாள். கடைசியில் அவர் வாய் திறந்தார். பட்டா கிடையாது, பழைய கரண்ட் பில் மட்டும்தான். ஒரு மாணவி அதைச் சிரித்த முகத்தோடு குறித்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து விழா. சின்னத்தாயியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். சமுதாயத்துக்குத் திருப்பித் தருவதே நம் லட்சியம் என்று துணைவேந்தர் முழங்கினார். திரையில் ஒரு வரைபடம் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியையும் வளைவையும் வைத்துத் தன் சந்துதான் என்று அவள் கண்டுகொண்டாள். பதினான்கு வீடுகளில் சிவப்புப் புள்ளி. அதில் ஒன்று அவளுடையது. அடுத்த படத்தில் அதே தொட்டி இருந்தது, வீடுகள் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் கட்டடம் ஒன்று பளபளத்தது. சமூக நீதி ஆய்வு மையமாம். அரங்கமே கைதட்டியது. சின்னத்தாயியும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினாள்.

இறங்கியதும் பார்கவியைப் பிடித்தாள். "மேடம், அந்தச் செவப்புப் புள்ளி இன்னாது?"

"பேப்பர் இல்லாத வீடுங்க அக்கா." பார்கவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்க விவரம் மட்டும்தான் கொடுத்தோம். முடிவு எடுக்கிறது மேலே இருக்கறவங்க."

நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொள்ள, பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள்.

சந்து முனையில் நான்கு பேர் டேப்பும் சுண்ணாம்புப் பொடியுமாக நின்றார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்துப் படித்து, சில வாசல்களில் மட்டும் நின்று வெள்ளைக் கோடு இழுத்தார்கள். பதினாறு வரை வந்துவிட்டார்கள்.

கோவிந்தப்பா வாசலுக்கு வந்து அவள் தோளில் இருந்த பொன்னாடையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அன்னிக்கி நான்தாம்மா தப்பா நெனச்சிட்டேன். பட்டா குடுக்க வந்திருக்கறது உங்காளுங்கதானே? கரண்ட் பில்லெல்லாம் எடுத்து வெச்சிட்டேன், நீயே கூட்டினு வா."

அவர் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவைத்தார்.