புங்கந்தாங்கலில் கைகள் இறங்காத நாற்பத்து மூன்று நாள்

அக்டோபர் இரண்டாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்குப் புங்கந்தாங்கல் கிராம சபையில் தூக்கிய நூற்றுப் பதினேழு வலது கைகளும் கூட்டம் முடிந்த பிறகு இறங்கவில்லை. அன்று உத்திரமேரூர் சந்தையில் தக்காளி கிலோ முப்பது ரூபாய், சின்ன வெங்காயம் அறுபது. கூட்டம் கலைந்ததும் ஜனங்கள் வழக்கம்போல் காராபூந்தியும் டீயும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். டீயை இடது கையில் வாங்கினார்கள், அவ்வளவுதான். சுளுக்கு என்று சிலர் நினைத்தார்கள், வாயு என்று சிலர். சாயங்காலம் தைலம் தேய்க்க ஆள் தேடியபோதுதான், தேய்த்துவிட வேண்டியவர் கையும் மேலேயே இருப்பது தெரிந்தது.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் வந்தால் புங்கந்தாங்கல். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊருக்குப் பக்கத்து ஊர் என்பதால், கூட்டம் நடத்துவதில் தங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று இவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. நடத்தும் விதம் இதுதான்: ஊராட்சிச் செயலர் தமிழ்வாணன் தீர்மானத்தை ஒரே மூச்சில் படிப்பார். 'ஏகமனதாக' என்ற சொல் வந்ததும் எல்லாக் கைகளும் எழும்பும். பக்கத்தில் இருப்பவரிடம் மாட்டு விலை பேசிக்கொண்டிருப்பவரின் கைகூட, வாயைத் தொந்தரவு செய்யாமல், தானாக எழும்பும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டியல் மாறிப்போய், உயிரோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவரும் கை தூக்கினார்.

இந்தத் தடவை அவர்கள் தூக்கிய கை மேரியின் மனுவுக்கு. மேரி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பவள். வயது நாற்பத்தொன்று, வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஒரு வாய்க்காலில் ஓடும். அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடுகள், அதில் ஒன்று மேரியுடையது. கார்த்திகை மழையில் வாய்க்கால் இடுப்பளவு போகும். பதினாலு வீடும் தீவு ஆகிவிடும். போன மழையில் மேரியால் ஒன்பது நாள் பள்ளிக்கூடம் வர முடியவில்லை, ஐம்பத்து நாலு பிள்ளைகள் ஒன்பது நாள் வெறும் வயிற்றோடு வாய்ப்பாடு சொன்னார்கள். இந்த மழைக்கும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மகளிர் குழுவில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் மகள் கீதா வாலாஜாபாத்தில் தங்கி நர்சிங் படிக்கிறாள். எனவே மேரி வாய்க்காலின் மேல் ஒரு சிறுபாலம் கேட்டுப் பன்னிரண்டாவது முறையாக மனு படித்தாள். முந்தைய பதினோரு முறையும் அது ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

மூன்றாம் நாள் ஊருக்கு விஷயம் புரிந்தது. கூட்டத்தில் கை தூக்காதவர்கள் இரண்டே பேர். மனுவை இரண்டு கையாலும் பிடித்திருந்த மேரி ஒருத்தி, மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்வாணன் ஒருவர். அவர்கள் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கூட்டத்தை மேற்பார்வையிட ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பஞ்சாட்சரம், எப்படித் தூக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தானும் ஒரு கை தூக்கியிருந்தார். அவர் அந்தக் கையோடுதான் வாலாஜாபாத்தில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஊர் சமாளித்துக்கொண்டது. உத்திரமேரூர் பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் நசுருதீன் பாய், தோளில் பொத்தான் வைத்துத் திறக்கிற சட்டை ஒன்றை ஒரே ராத்திரியில் யோசித்து, மறுநாள் மொபெட்டில் வந்து அரச மரத்தடியில் மெஷினைப் போட்டுவிட்டார். ஜாக்கெட்டுக்கும் அதே முறை. குடை பிடிக்க வசதியாக இருக்கிறது என்று சிலர் ஒத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரம் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்கள், பிறந்ததிலிருந்து இந்த ஊரில் நிற்காதவை, கழனியில் நின்றவர்களுக்கெல்லாம் நின்று நின்று போயின. கண்டக்டர்கள் இறங்கித் திட்டினார்கள். சாப்பாடுதான் கஷ்டம், இடது கையால் சோறு அள்ளக் கூச்சப்பட்டு, பெரிய மனுஷர்கள் எல்லாரும் ஸ்பூனுக்கு மாறினார்கள்.

ஆனால் கோபம் எங்கேயாவது இறங்க வேண்டும் அல்லவா, அது மேரி மேல் இறங்கியது. வடக்குத் தெரு சொக்கம்மாள் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மேரியைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னாடி மேரி, உன் பாலத்துக்காவ நான் தலை வார முடியாம கீறேன். மனுவ வாபஸ் வாங்கிக்கினு போயேன்டி!"

"நானா தூக்கச் சொன்னேன் சொக்கம்மாக்கா? பதினோரு வாட்டி தூக்கினீங்க, எறக்கினீங்க. நான் எதுனா கேட்டனா?"

மேரி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் முழுக்க ஒருத்தியைப் பார்த்துக் கை ஓங்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தால் யாருக்குத்தான் தாங்கும்.

ஐந்தாம் நாள் தலைவர் ஆண்டாளம்மாள் சிறப்புக் கிராம சபை கூட்டினார். தீர்மானத்தை ரத்து செய்ய ஒரு தீர்மானம். தமிழ்வாணன் படித்து முடித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. ஆதரிப்பவர் கை தூக்கலாம் என்றால், எல்லார் கையும் ஏற்கெனவே மேலே இருந்தது. எதிர்ப்பவர் இறக்கலாம் என்றால், இறக்க முடிந்தால் கூட்டமே தேவையில்லை. இடது கையைத் தூக்குவோம் என்றார் ஒருவர். அதுவும் அங்கேயே நின்றுவிட்டால் சோறு யார் ஊட்டுவது என்று கேட்டார் இன்னொருவர். எல்லாரும் உட்கார்ந்து யோசித்தார்கள். இந்த ஊரில் ஒரு தீர்மானத்தைப் பற்றி ஜனங்கள் யோசித்தது அதுதான் முதல் தடவை.

அப்போது, மறுபடி மேற்பார்வைக்கு வந்திருந்த பஞ்சாட்சரம் எழுந்து, தமிழ்வாணனிடம் பழைய பதினோரு தீர்மானங்களும் எங்கே என்று கேட்டார்.

"பீரோலதான் சார் கீது. பத்திரமா கீது."

"மேல அனுப்பலையா?"

"இன்னாத்துக்கு சார்? அதான் ஏகமனதா நிறைவேறிடுச்சே."

தமிழ்வாணனைக் குறை சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் நம்பியிருந்தது. கை தூக்கினால் காரியம் முடிந்தது. மிச்சத்தை வேறு யாரோ எங்கேயோ பார்த்துக்கொள்வார்கள். அந்த 'யாரோ' யார் என்று பன்னிரண்டு தடவையும் ஒருவரும் கேட்கவில்லை. ஆண்டாளம்மாள் நெற்றியில் அடித்துக்கொள்ள நினைத்தார், கை எட்டவில்லை.

பஞ்சாட்சரம் ஃபைலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். எட்டாம் நாள் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி எல்லாம் கையெழுத்தாகி வந்துவிட்டன. புங்கந்தாங்கலில் இன்றைக்கும் பலர் அதிசயம் என்று சொல்வது கை நின்றதை அல்ல, இதைத்தான். அனுமதி வந்த அன்று எல்லாக் கைகளும் ஒரு சாண் இறங்கின. அப்போதுதான் இது வேலை நடக்க நடக்க இறங்குகிற கை என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரை யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. நாலு பெரிய சிமெண்ட் குழாய்களை வாய்க்காலில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் கல் கட்டி, மேலே மண் போட்டுத் தளம் இடுவது என்று திட்டம். தலையில் சட்டி வைத்துச் சுமப்பவர்களுக்கு வலது கை மேலேயே இருந்தது பெரிய சௌகரியம். கலவைச் சட்டி அசையாமல் வரிசையாகப் போனது. கொத்து வேலை தெரிந்தவர்கள் இடது கையால் கல் வைக்கப் பழகினார்கள். முதல் நாலு வரிசை கொஞ்சம் கோணல், இப்போதும் பார்க்கலாம். மேரி காலையில் பள்ளிக்கூட வேலை முடித்ததும் வந்து, வேலை செய்தவர்களுக்கெல்லாம் பொங்கல் செய்து போட்டாள். சொக்கம்மாள் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்றாள். அதை மேரி சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து பத்து நாளில் கைகள் தோள் மட்டத்துக்கு வந்து, முன்னால் நீட்டியபடி நின்றன. அங்கேயே நின்றுவிட்டன. குழாய் போட்டாயிற்று, கல் கட்டியாயிற்று, தளம் காய்கிறது. ஆனால் பாலத்தின் அந்தப் பக்கம் கால் வைக்கிற இடம் முத்துகிருஷ்ணன் கழனியின் மூலையில் விழுந்தது. இரண்டு சென்ட்தான். முத்துகிருஷ்ணன் ஊரிலேயே அதிக நிலம் உள்ளவர், நல்லவர், கோயில் காரியத்துக்குத் தாராளமாகக் கொடுப்பவர். நிலம் என்று வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. யாரும் அவரிடம் நேரே போய்க் கேட்கவில்லை. இதற்குள் மழை வேறு பிடித்துக்கொண்டது. தாமல் ஏரி நிரம்பியது என்று பேப்பரில் வந்தது, புங்கந்தாங்கல் ஏரியில் கலங்கலுக்கு ஒன்றரை அடிதான் பாக்கி. மேரி தினமும் காலையில் கலங்கல் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் முத்துகிருஷ்ணன் மகள் சுதாவின் கல்யாணம், உத்திரமேரூரில் மண்டபம். முத்துகிருஷ்ணன் பட்டு வேட்டியில் வாசலில் நின்று வரவேற்றார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, எல்லாரும் சிரித்த முகம்தான். ஆனால் கை தோள் மட்டத்தில் நீண்டிருந்ததால், அவர் எதிரே வந்து நின்ற ஒவ்வொருவரும் அவரையே சுட்டிக்காட்டினார்கள். ஆண்டாளம்மாள் காட்டினார். சொக்கம்மாள் காட்டினாள். மேளக்காரருக்கு வெற்றிலை கொடுக்க வந்த பங்காளிகள் காட்டினார்கள். சம்பந்தி சுகுமார் தயங்கித் தயங்கி, "இன்னா சம்பந்தி, வர்றவங்க எல்லாம் உங்களையே காட்டுறாங்க, எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு முத்துகிருஷ்ணன் முகம் கழுவப் போனார். அங்கே கண்ணாடியில் அவர் கையே அவரைக் காட்டிக்கொண்டு நின்றது.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் தமிழ்வாணன் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"யோவ், அந்த மூலை நெலத்த எழுதிக்கினு போய்யா. மொதல்ல பாயசத்த குடி, அப்பறம் எழுது."

மறுநாளே மண் கொட்டிச் சமன் செய்தார்கள். கை இன்னும் ஒரு முழம் இறங்கி, இடுப்புக்கு எதிரே வந்து நின்றது. வேலை முழுக்க முடிந்துவிட்டது என்று ஆண்டாளம்மாள் சொன்னார், பஞ்சாட்சரம் அளந்து பார்த்துக் கையெழுத்தும் போட்டார், கை மசியவில்லை. இன்னும் என்ன பாக்கி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி விடியும்போது ஏரி கலங்கல் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் செம்மண் நிறத்தில் கரை முட்ட ஓடியது, பாலத்தின் அடியில் நாலு குழாயும் நிறையத் தண்ணீர். ஐந்தரை மணிக்கு மேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். வந்தவள், செருக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைவு வந்து, இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தாள். ஓடும் தண்ணீருக்கு மேலே அவள் நடந்தது அதுதான் முதல் தடவை, பதினாறு அடி. அவள் இக்கரையில் கால் வைத்த நொடியில் ஊரில் நூற்றுப் பதினாறு கைகள் தொப்பென்று விழுந்தன. ஆண்டாளம்மாள் பால் கறந்துகொண்டிருந்தார், செம்பு உருண்டது. சொக்கம்மாள் முதல் வேலையாகச் சீப்பைத் தேடினாள். வாலாஜாபாத்தில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த பஞ்சாட்சரம் உடனே தமிழ்வாணனுக்கு ஃபோன் போட்டு, "மேரி தாண்டிட்டாங்களா?" என்று கேட்டார். தாண்டிவிட்டார்கள் என்று கேட்டதும், மீதிக் கன்னத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து சிரித்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஐம்பத்து நாலு பிள்ளைகளும் சூடாகச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராம சபைக்கு ஊரே வந்தது. நசுருதீன் பாயும் வந்து, யாரும் கூப்பிடாமலே அரச மரத்தடியில் மெஷினைப் போட்டு, இஞ்சு டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தீர்மானம் வடக்குத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய். மனு கொடுத்தவள் சொக்கம்மாள். தமிழ்வாணன் இந்தத் தடவை மூச்சு விட்டு விட்டுப் படித்தார். குழாய் எங்கிருந்து வரும், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் போதுமா, யார் அலைவார்கள், எத்தனை நாள் ஆகும் என்று இரண்டரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பிறகு தமிழ்வாணன் 'ஏகமனதாக' என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. எல்லாரும் அவரவர் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நெல் அறுப்புக் காலம் வேறு. சொக்கம்மாள் மனுவை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

அப்போது பின் வரிசையில் மேரி கை தூக்கினாள். அவளைப் பார்த்து முத்துகிருஷ்ணன் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக நூற்று நாற்பது கைகள், யோசித்து யோசித்து எழும்பின.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் மேரி இடது கையால் பொங்கல் கிளறினாள். ருசியில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள்.