கழுநீர்

அந்தத் தொழிலாளர் லயத்தில் தினமும் பச்சரிசி பொங்கிய ஒரே அடுப்பு வெள்ளையம்மாவுடையது. பத்து பாகாட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மற்ற எல்லா வீட்டிலும் தோட்டத்தில் அளக்கும் ரங்கூன் புழுங்கலரிசிதான் கொதித்தது. தடித்த, பழுப்பேறிய, சாக்கு வாடை அடிக்கும் அரிசி. வெள்ளையம்மாவும் அவள் புருஷன் அய்யாவும் அதைத்தான் சாப்பிட்டார்கள். பச்சரிசி, மூத்தாள் மகன் ஜெயபாலனுக்கு மட்டும்.

மூத்தாள் செத்த மறுவருஷம் இந்த வீட்டுக்கு வந்தவள் வெள்ளையம்மா. அப்போது அவன் பால்பல் விழுந்த சிறுவன். தட்டில் எதைப் போட்டாலும் ஒற்றை விரலால் கிண்டிப் பார்ப்பான். கீரை வழவழ என்கிறது, பயறு தொண்டையில் ஒட்டுகிறது, முட்டை கவுச்சி, கருவாட்டில் முள். பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, தட்டை அவள் பக்கம் நகர்த்துவான். அதில் கோபம் இருக்காது. அவன் நகர்த்துவான், அவள் எடுத்துக்கொள்வாள். இருவருக்கும் இடையில் பேச்சு வளர்ந்ததை விட இந்தத் தட்டு போய் வந்ததுதான் அதிகம்.

பையன் வளர்ந்து ஓடத் தொடங்கினான். காலையில் ஆளெண்ணும் பிரட்டுக் களத்திலிருந்து புகைக்கூடம் வரை அவன் ஓடினால், ரப்பர் பால் சுமந்து வருகிறவர்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். தோட்டங்களுக்கிடையே நடந்த பந்தயத்தில், பத்து பாகாட் பாடாங் மைதானத்தில், ஒரு மைல் ஓட்டத்தில் அவன்தான் முதலாவது. அடுத்த வருஷமும் ஜெயித்தால் ஜொகூர் பாருவில் தபாலாபீசு ஓட்டக் குழுவுக்கு எடுத்துக்கொண்டு பியூன் வேலையும் தருவதாக ஒரு வெள்ளைக்காரர் அவன் தோளைத் தட்டிச் சொன்னாராம். மரம் சீவாத ஒரு பிழைப்பு. அய்யாவு அதைக் கேட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தவர்களுக்கு அன்றைக்கு டவுனில் சோறு போட்டிருந்தார்கள். திரும்பி வந்தவன் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை.

"நாறுது சின்னம்மா. அங்க போட்டாங்க பாரு, மல்லிப்பூ மாதிரி."

"அது விருந்துச் சோறுப்பா. தெனமும் அதுக்கு எங்க போக?"

அவன் தட்டை நகர்த்தினான். மறுநாளும் நகர்த்தினான். அய்யாவு சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வேள சும்மா உடு. பசிச்சா சட்டியையே கடிப்பான்."

"நீங்க உடுங்க. பெத்தவரு, உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. நான் பட்டினி போட்டா ஊரு என்ன பேசும்?"

அவள் சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரியும்.

ஊர் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தது. குழாயடியில் பக்கத்து வீட்டுக் காளியம்மா குடத்தை நிமிர்த்திக்கொண்டே, "என்னடி, ஓடற புள்ளைக்கு எலும்புதான் மிச்சமிருக்கு. மூத்தவ இருந்திருந்தா இப்படி உட்ருப்பாளா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வெள்ளையம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள், கோழி அடைகாத்திருந்த கூடைக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டு சீனக் கடைக்குப் போனாள். முட்டையைக் கொடுத்துச் சயாம் பச்சரிசியும் டின்பாலும் வாங்கி வந்தாள்.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மில்லில் தீட்டி வந்த அரிசி, ஏற்கெனவே வெள்ளை. அவள் அதை இன்னும் வெளுக்கக் கழுவுவாள், தண்ணீர் கண்ணாடி போலத் தெளிகிற வரைக்கும். கழுநீரை ஆட்டுக்கு ஊற்றுவாள். வடித்த கஞ்சியும் ஆட்டுக்குத்தான். சோற்றில் டின்பாலும் சீனியும் விட்டுப் பிசைந்து வைப்பாள்.

முதல் நாள் அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு சின்னம்மா" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அகப்பை நிறைய அள்ளிப் போட்டாள். அந்தக் குரலை மறுநாளும் கேட்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. காளியம்மாவே ஒரு நாள், "ராசா வீட்டுப் புள்ளையாட்டம் வளக்குறாடி" என்றாள். அந்தச் சொல்லை வெள்ளையம்மா குழாயடியிலிருந்து குடத்தைப் போலவே இடுப்பில் சுமந்து வந்தாள்.

பந்தயம் நெருங்க நெருங்க அவன் அந்தப் பால்சோற்றைத் தவிர வேறெதையும் சாப்பிடவில்லை. ஓடிவிட்டு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைவான்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"கண்ணு பட்டிருக்கும்," என்று அவள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். இன்னொரு நாள் அவன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தான். மற்றது எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் அதை பாதையோரமாகத் தேடி எடுத்து வந்து, மறதிக்காரன் என்று கேலி செய்தாள். செருப்பு கழன்றதைக் கால் உணரவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. தெம்பு போதவில்லை என்று நினைத்து, இன்னொரு அகப்பை சோறு சேர்த்து வைத்தாள்.

பாடாங்கில் அன்று நல்ல வெயில். தோட்டத்து லாரியில் வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். முதல் சுற்றில் அவன் முன்னால் இருந்தான். இரண்டாவது சுற்றில் அவன் பாதங்கள் தரையில் படும் விதம் மாறியது. நனைந்த சாக்கை யாரோ தரையில் அடிப்பது போல ஒரு சத்தம். அய்யாவு அவள் கையைப் பிடித்தார். அதற்கு முன் நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. அவர்கள் நின்ற இடத்துக்கு நேராக வந்தபோது ஜெயபாலனின் முழங்கால்கள் மடங்கின. எழுந்திருக்கப் பார்த்தான். கால் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனைப் போலக் குனிந்து பார்த்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சந்தனசாமி அவன் காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

"பெரிபெரி மாதிரி இருக்கு. இத சீனாக்காரக் கூலிங்க ஒண்ணாத் தங்கற கொங்சி வீட்டுலதான் பாத்திருக்கேன். நம்ம லயத்துல பாத்ததில்ல. என்ன அரிசிம்மா திங்கறான்?"

அவள் தயங்காமல் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "பச்சரிசிங்க. சயாம் அரிசி. நாலஞ்சு தண்ணி ஊத்திக் கழுவித்தான் ஆக்குவேன்."

"கழுவுன தண்ணி?"

"ஆட்டுக்கு ஊத்துவேன்."

"கறி, பயறு, முட்டை?"

"தொட மாட்டான்."

டிரெசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆடு எப்படி இருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். ஆடு கொழுத்திருந்தது. அதை அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு மெதுவாக விளக்கினார். அரிசியின் சத்து உமிக்கு உள்ளே இருக்கிற தவிட்டில் இருக்கிறது. புழுங்க வைத்தால் அது அரிசிக்குள் இறங்கிவிடும். மில்காரன் பச்சையாகத் தீட்டி எடுத்துவிட்டான், மிச்சத்தை இவள் கழுவி எடுத்தாள். "உங்க மேல தப்பு இல்லம்மா," என்றும் சொன்னார். அவர் அதைச் சொல்லாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவன் பிழைத்துக்கொண்டான். தவிட்டுக் கஞ்சி, ஊறவைத்த பச்சைப் பயறு, முட்டை. கட்டிலருகே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். முதலில் அவன் முகத்தைத் திருப்பினான்.

"எனக்குப் பயமா இருக்குடா," என்றாள். அவனிடம் அவள் உண்மையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

வீக்கம் வடிந்தது. நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. வலது பாதம் மட்டும் பழையபடி ஆகவில்லை. நடக்கும்போது நுனி தாழ்ந்து தரையில் தட்டியது. ஜொகூர் பாருவிலிருந்து யாரும் ஆள் அனுப்பவில்லை. அனுப்பக் காரணமும் இல்லை. லயத்தை ஒட்டிய சமதளத்து வெட்டில் அவனுக்குச் சீவ மரம் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் பந்தயத்துக்குப் பையன்களை ஏற்றிக்கொண்டு லாரி லயத்தைத் தாண்டிப் போனபோது அவன் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். அவள் புழுங்கல் சோற்றில் முருங்கைக்கீரையைப் போட்டாள். அவன் கிண்டிப் பார்க்காமல் பிசைந்தான்.

தான் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்த பிறகுதான் கீரைக்கு உப்பே போடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் பாதித் தட்டைத் தாண்டியிருந்தான்.

"உப்பில்லையேடா. சொல்லக் கூடாதா?"

"பரவால்ல சின்னம்மா."

உப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை. அவள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவை எப்போதாவது தட்டின் விளிம்பைப் பிடித்து அவள் பக்கம் நகர்த்தாதா என்று. தட்டு நகரவில்லை. கடைசிக் கீரை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அவன் தட்டைத் தானே கழுவ எடுத்துக்கொண்டு, பாதம் தட்டத் தட்டக் குழாயடிக்குப் போனான்.