மஸ்டரில் இருந்தவன்

"இதுக்குப் பேரு குழியாடா? கோழி கெளறுன மாதிரி இருக்குது. தள்ளு அந்தப் பக்கம்!"

மாதப்பன் பங்காளியின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு குழிக்குள் குதித்தான். குத்திய வேகத்தில் கல் ஒன்று தெறித்து அவன் முழங்காலிலேயே பட்டது. அந்தக் கல்லையும் திட்டினான்.

விடிந்ததிலிருந்து அவன் யாரையும் விட்டுவைக்கவில்லை. மேளக்காரர்களிடம் சோறு தின்னவில்லையா என்று கேட்டான். மூங்கில் வெட்டி வந்தவர்களிடம் இது பந்தலுக்கா பாடைக்கா என்று கேட்டான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே தம்பி, இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் நாலே நாள். கத்தட்டும் பாவம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஊரின் அந்தப் பெருந்தன்மைதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. எவனாவது ஒருத்தன் திரும்பி நின்று இரண்டு அறை விட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழி வீட்டுக்குப் பின்னாலிருந்த அவர்களுடைய காட்டிலேயே, மிளகுக்கொடி ஏறிய மரத்துக்கு அப்பால். முன்வாசலில் தம்பி ஐயாக்கண்ணுவின் உடல் கட்டிலில் கிடந்தது. கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்திருந்ததால் காமாலை என்றே மாரமங்கலம் முழுக்கப் பேசிக்கொண்டது. அவன் மூன்று மாதம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஒரிசாக் காட்டில் போர்வெல் போட்டுவிட்டு, பதினைந்து நாளைக்கு முன்னால்தான் ஊர் திரும்பினான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் அதை வாயில் எடுக்கவில்லை. ஏனென்றால் எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான மஸ்டரில் அந்த மூன்று மாதமும் ஐயாக்கண்ணு ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறான்.

வந்தவன் மாதப்பன். பெர்மனென்ட் வேலை, ஆள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். "ஆயுசு பூரா இந்தக் காப்பிச் செடியவே பாத்துட்டுக் கெடக்கோணுமாண்ணா? ஒரே ஒரு தடவ போயிட்டு வந்தர்றன். நீ எம்பேருல நில்லு" என்றான் தம்பி. மாதப்பன் தன் காட்டு வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்றான். எஸ்டேட்டில் பேர் பதியும் ரைட்டர் கோவிந்தராஜ் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே பேருக்கு நேராகக் கோடு போட்டார். அந்த வருஷம் அவர் வீட்டுக்குப் பலாவும் மிளகும் குறைவில்லாமல் போய்ச் சேர்ந்தன.

ஊர் ஏமாந்தாலும் காய்ச்சல் ஏமாறவில்லை. நடுங்கி நடுங்கி ஐயாக்கண்ணு எழுந்திருக்க முடியாமல் போனதும் எஸ்டேட் ஜீப்பிலேயே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரைட்டர் கொடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கலாவதி கேட்டார்:

"சமீபத்துல வெளியூர் எங்கயாச்சும் போயிருந்தாரா?"

கட்டிலருகே நின்ற கண்ணாயி வாயைத் திறந்தாள். அவள் ஐயாக்கண்ணுவின் மனைவி. அவள் சொல்வதற்குள் மாதப்பன் முந்திக்கொண்டான்.

"இல்லீங்க டாக்டரம்மா. மலைய உட்டு எறங்கவே இல்லீங்க."

இந்த இடத்தில் ரைட்டர்மேல் பழியைப் போட முடிந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஆனால் ரைட்டர் அப்போது அறையிலேயே இல்லை. வெளியே ஜீப்பில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் மாதப்பனை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று மாதம் நாக்கில் கிடந்து பழகிய பொய், கேட்டவுடன் தானாக வந்துவிட்டது. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சேலத்துக்கு அனுப்ப ரத்தம் எடுத்தார்கள். காமாலைக்கும் குடல் காய்ச்சலுக்கும் மருந்து ஏற்றினார்கள்.

இரண்டாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் வலிப்பு. அதற்கப்புறம் ஆள் தெரியாமல் ஏதோ பாஷையில் உளறினான். காய்ச்சல் உளறல் என்றாள் நர்ஸ். அது ரிக் வண்டிக்காரர்கள் வேலையில் பேசும் இந்தி என்று மாதப்பனுக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல்நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பேசாமல் இருந்தான். தன்மேல் இருந்த ஆத்திரத்தை அவனால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. அதனால்தான் காலையிலிருந்து கண்ணில் பட்டவர்கள் தலையிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மதிய பஸ்ஸில் சுகாதாரத் துறை மரியதாஸ் வந்து இறங்கினார். மலைக் கிராமங்களில் காய்ச்சல்காரர்களிடம் ரத்தம் எடுக்கும் மனிதர். தோளில் பை, கையில் ஒரு மஞ்சள் அட்டை. வாசலில் கிடந்த உடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாதப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டு, மண் அப்பிய கையோடு முன்னால் வந்தான்.

"சேலத்துல இருந்து இன்னிக்குத்தானுங்க ரிசல்ட் வந்துச்சு" என்றார் மரியதாஸ். "மலேரியாங்க. அதுலயும் மூளைக்கு ஏறுற வகை. இந்தக் குளுருல இது வராதுங்களே. எங்கயோ காட்டுப் பக்கம் போயிட்டு வந்திருக்கோணும். எங்க போயிருந்தாருங்க?"

மேளம் நின்றது. எஸ்டேட் மாலையோடு ஜீப்பில் வந்திருந்த கோவிந்தராஜ் தொண்டையைச் செருமினார்.

"எங்கயும் போகலீங்க. மஸ்டர நான் காட்டறன், வந்து பாருங்க. தெனமும் வேலைக்கு வந்திருக்கறான்."

"செத்தப்பறம் சீட்டத் தூக்கிட்டு வந்துட்டாரு பெரிய மனுசன்!" என்று மாதப்பன் மரியதாஸ்மேல் பாய்ந்தான். "நாலு நாளா எங்கய்யா போயிருந்தீங்க? இப்ப என்னத்துக்கு ரிசல்ட்டு? நாக்கு வழிக்கவா?"

மரியதாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "அவருக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கூடப் போனவங்க யாராச்சும் இருந்தாங்கன்னா, அவங்களுக்கும் வந்திருக்கும். இன்னிக்கே மருந்து ஏத்துனா பொழைக்க வெச்சரலாம். நாளைக்குன்னா எங்கையில இல்லீங்க."

கூட்டத்தில் அத்தாயி இருந்தாள். அவள் மகன் பொன்னுவேல்தான் ஐயாக்கண்ணுவோடு ஒரே வண்டியில் போனவன், ஒரே வண்டியில் திரும்பியவன். குழி வெட்ட முதல் ஆளாக வந்திருக்க வேண்டியவன் வரவில்லை என்பது மாதப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க அத்தாயக்கா, பொன்னுவேலு எங்க?"

"நேத்திருந்து வெடவெடன்னு நடுங்கறான் சாமி. ஒரு வாய் கஞ்சி எறங்கல. கூட்டாளி போன ஏக்கமுன்னு உட்டுட்டேன்" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போயிற்று.

கோவிந்தராஜ் மாதப்பனின் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தார். "யோசிச்சுப் பேசு மாதப்பா. செத்தவன் வேலைய அவன் பொண்டாட்டிக்கு வாங்கித் தரலாமுன்னு மானேஜருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறன். மஸ்டரே பொய்யின்னு ஆச்சுன்னா வேலையுமில்ல, ஒண்ணுமில்ல. கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு அவ எங்க போவா? பொன்னுவேலுக்குச் சாதாக் காய்ச்சலாக்கூட இருக்கும்."

மாதப்பனுக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கண்ணாயிக்கு இந்த மலையில் அந்த வேலையை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது. தம்பியைக் கொன்றது போதாதென்று அவன் பெண்டாட்டி பிள்ளையின் சோற்றிலும் கை வைக்கவா?

கட்டிலின் காலருகே கண்ணாயி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நாளிலிருந்து அவள் மாதப்பனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"அன்னிக்கு நான் பேச வந்தப்ப முந்திக்கிட்டீங்க மாமா. இன்னிக்கு என்னத்துக்கு நிக்கறீங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். மாதப்பன் மரியதாஸ் பக்கம் திரும்பினான்.

"ஒரிசாவுக்குப் போனானுங்க. மூணு மாசம். மஸ்டருல நின்னது நானு. இந்த ரைட்டருக்கும் தெரியும், இந்த ஊருக்கும் தெரியும். டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னு சொன்னதும் நாந்தானுங்க. பொன்னுவேலும் கூடப் போனான். வாங்க, ஊட்டக் காட்டறன்."

பொன்னுவேல் பாயில் மூன்று கம்பளிக்குள் கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், அதற்குமேல் இல்லை. மாதப்பன் அவனை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வந்து எஸ்டேட் ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தினான். கோவிந்தராஜ் குறுக்கே வந்தார்.

"இது கம்பெனி வண்டி மாதப்பா. மஸ்டருல இல்லாதவன ஏத்தறதுக்கு எனக்கு…"

"ஏறுனா ஏறு, இல்லாட்டி மாலையத் தூக்கிட்டு நடந்து வா" என்றான் மாதப்பன். டிரைவர் ரைட்டர் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினான்.

பங்காளிகள் ஓடிவந்தார்கள். அண்ணன் மண் போடாமல் எப்படி மூடுவது என்றார்கள். "எனக்காவ வெச்சிருக்க வேண்டாம். பொழுதோட மூடிருங்க" என்றான். இதைக் கத்திச் சொல்லவில்லை. பங்காளிகளிடம் அன்று அவன் கத்தாமல் சொன்னது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கலாவதி அவனை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கேட்கட்டும் என்று மாதப்பன் காத்திருக்கவில்லை.

"ஒரிசாக் காட்டுக்குப் போயிட்டு வந்தவனுங்க. எந்தம்பியும் போனானுங்க. நான் பொய் சொல்லிட்டன்."

டாக்டரின் கையிலிருந்த பேனா நின்றது. செருப்பால் அடிப்பது போல ஏதாவது கேட்பார் என்று அவன் நிமிர்ந்தே நின்றான். அவர் பொன்னுவேலின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் மருந்தின் பேரைச் சொன்னார்.

வார்டில் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டு எல்லாம் வேறு கட்டில்களில் இருந்தன. ஒன்று காலியாகும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் பாட்டிலை மாதப்பன் கையில் கொடுத்தாள். அவன் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தான். சன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாரமங்கலத்தில் இந்நேரம் தம்பியை எடுத்திருப்பார்கள்.

அரைமணி கழித்து நர்ஸ் ஒரு ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"குடுங்கண்ணா, மாட்டிடறேன். எவ்வளவு நேரம் புடிச்சுட்டு நிப்பீங்க."

"இருக்கட்டுங்க" என்றான் மாதப்பன். காய்ந்த மண் ஒட்டியிருந்த அந்தக் கையை அவன் இறக்கவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.